‘கட்’ என்றுதான் சொல்வாள்

கமண்டல நாகநதியில் ரொம்ப வருஷம் கழித்து வெள்ளம் வந்து, ஆரணி ஜனம் முழுக்கப் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்ததே, அந்த மழைக்காலம் முடிந்து வந்த தை மாதம் அது. வெள்ளம் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தன். கூட்டத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டு சேற்றில் வெறுங்காலோடு வீடு திரும்பினேன். கால்விரலில் புண் வந்தது அன்றைக்குத்தான் என்று என் வீட்டுக்காரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை இருக்கிறவன் சேற்றில் நடந்தால் வேறென்ன வரும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணைச் சொல்லவேண்டும்.

பேர் வேண்டாம். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், எங்கேயோ நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அவளுடையது. உள்ளே நுழைந்ததும் தறிதான் நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகமுடியும். நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. இன்றைக்கும் என் நகத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் அரக்கு, ஒரு பக்கம் பச்சை. என் வீட்டுக்காரியை அவள் அக்கா என்பாள், என்னை மாமா என்பாள். சொந்தம் ஒன்றும் கிடையாது. தெருவில் அப்படிப் பழகிவிட்டது.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ‘அறு’ என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டாள். தறிக்காரர் வீட்டில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு காலைப்பொழுது ஓடாது. இழை அறுந்தது, கயிறு அறுந்தது, புடவை முடிந்தால் தறியிலிருந்து அறுத்து இறக்குவது, எல்லாவற்றுக்கும் அதுதான். அவளுக்கு மட்டும் எல்லாமே ‘கட்’. இழை கட்டாயிடுச்சி என்பாள். கயிறு கட் என்பாள். முதலில் கரண்டுக்குத்தான் அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு வந்தது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் ஒன்று இருந்ததே, அப்போது. எல்லோரும் அதைக் கரண்டோடு விட்டுவிட்டோம். அவள் அதை எடுத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டாள்.

கத்திரிக்காயைக் கட் பண்ணுவாள். மகள் பள்ளிக்கூடம் போகாமல் தோழிகளோடு சுற்றினால் கட் அடித்துவிட்டாள் என்று விளக்குமாற்றைத் தேடுவாள். முதலாளி புடவையில் ஒரு கறையைக் காட்டிக் கூலியைக் குறைத்தால் கட். மழை நின்றால் மழை கட். பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சு இல்லையென்றால், அவகூட நான் கட்டு அக்கா, என்று வந்து உட்காருவாள். ஒரு ஆடி மாதம் தெருவே சேர்ந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரக் காத்திருந்தால் பஸ் வரவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸே குறைவு. வேறு வண்டியின் கண்டக்டர் ஒருத்தர் போகிறபோக்கில், அந்த ட்ரிப் இன்னிக்கி கட்டும்மா, என்றார். இவள் என் வீட்டுக்காரியின் தோளில் தட்டி, பாத்தியா அக்கா, கவர்மெண்டும் என் பாஷைதான் பேசுது, என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

தெருமுனையில் ஒரு குடிகாரன் உண்டு. பாட்டிலைப் பாதியாகப் பிரித்துக் குடிப்பதற்குக் கட்டிங் என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கட்டிங்குக்கு ஆள் தேடிக்கொண்டே நிற்பான். ஒருநாள் அவளிடமே, “யக்கா, உனக்கு எல்லாமே கட்டுதானே, எனக்கு ஒரு கட்டிங்குக்கு வழி பண்ணேன்” என்று கேட்டுவிட்டான். “உனக்குக் குடுத்தா உன் பொண்டாட்டி என்னைக் கட் பண்ணிடுவா, போடா” என்றாள். அவன் அதைப் பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சிரிப்பாகத்தான் இருக்கும். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் சிரிக்கமுடியாது.

அவள் புருஷன் நல்ல நெசவுக்காரன். வேலூருக்குப் போன இடத்தில் லாரி அடித்துப் போய்விட்டான். மகள் அப்போது கைக்குழந்தை. காரியத்தன்று அவன் பக்கத்துக் கிழவிகள் சேர்ந்து செய்யவேண்டியதைச் செய்தார்கள். நான் தெருவில் ஆண்களோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போயிருந்த என் வீட்டுக்காரி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாலியை எடுக்கிறபோது அந்தப் பெண் அழவே இல்லை, கழுத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தாள் என்று சொன்னாள். தலைவார உட்காருகிற பிள்ளை மாதிரி, என்றாள்.

கொஞ்ச நாள் கழித்துக் குழாயடியில் குடத்துக்காக ஒரு சண்டை. தண்ணீர் சண்டை, காலையில் வந்து மாலையில் மறந்துபோகிற சண்டை. புருஷனை இழந்தவளை எங்கள் பக்கம் வைகிறபோது ‘அறுத்தவ’ என்பார்கள். எதிரில் நின்றவள் அதைத்தான் எடுத்தாள். அறுத்தவளுக்கு வாயைப் பாரு, என்றாள்.

இவள் குடத்தைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை.

“நான் எதையும் அறுக்கல. உங்க பெரியம்மாவும் எங்க அத்தையும்தான் அறுத்தாங்க. நான் சும்மா குந்திகினு இருந்தேன்.”

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் பேசி நான் கேட்டதில்லை. பிறத்தியார் பேசினால் காதில் விழாததுபோல் எழுந்துபோய்விடுவாள்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. புடவை நெய்து முடிந்தால், முந்தானைக்குப் பிறகு கொஞ்சம் வெறும் நூல் விட்டு, பிளேடால் குறுக்கே இழுத்துத் தறியிலிருந்து இறக்குவார்கள். எங்கள் தெருவில் அதைச் சுமங்கலிதான் செய்யவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவை எந்தக் கல்யாணத்துக்குப் போகும், எவள் மணையில் உட்காரக் கட்டுவாள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்தக் கடைசி ஒரு இழுப்பு மட்டும் பூவும் பொட்டுமாக இருக்கிறவள் கையால். வாரக்கணக்கில் உட்கார்ந்து இழைக்கு இழை தொட்டு நெய்தவள் கையில் தோஷம் இல்லை, பிளேடு பிடித்தால் மட்டும் தோஷம் வந்துவிடும். இதை நான் யாரிடம் கேட்பது? சாயம் போடுகிறவனை யார் கேட்கிறார்கள்?

அவள் புருஷன் போனபிறகு அவள் தறியிலிருந்து புடவை இறக்கியதெல்லாம் என் வீட்டுக்காரிதான். புடவை முடிந்ததும் எதிர்வாசலில் நின்று, அக்கா வரியா, கட் பண்ணணும், என்று கூப்பிடுவாள். என் வீட்டுக்காரி அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போவாள். பிளேடை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

வெள்ளம் வந்த அந்த மழைக்காலத்தில்தான் என் விரல் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்திருந்தபோது பார்க்க வந்தாள். இரண்டு சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைத்தாள்.

“எந்த விரலு மாமா?”

காட்டினேன்.

“கட் பண்ணும்போது வலிச்சிதா?”

“மரத்துப்போற ஊசி போட்டாங்கம்மா. ஒண்ணுமே தெரியல.”

“நல்லதாப் போச்சி. எனக்கு அதுகூடப் போடல.”

சொல்லிவிட்டு, அக்கா, காப்பி இருக்குதா, என்று சாதாரணமாகக் கேட்டாள். என் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அந்தச் சமயம் மகளுக்குப் பெரணமல்லூரில் மாப்பிள்ளை கூடிவந்திருந்தது. நல்ல பையன், கம்பெனி வேலை. கூரைப்புடவை எடுக்கவேண்டியது மாப்பிள்ளை வீட்டார்தான். பெண் தறிக்கார வீடு என்பதால், பட்டும் ஜரிகையும் நாங்கள் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம், நீங்களே நெய்து கொடுங்கள் என்றார்கள். அதைக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு நெய்தவள், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்ததில்லை.

அரக்கு நிறம், பச்சைக் கரை. அரக்கு என்று எல்லோரும் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறார்கள். கருப்பு தூக்கலாக இருக்கிற அரக்கு வேறு, சிவப்பு தூக்கலாக இருக்கிறது வேறு. மணையில் உட்காருகிற பெண்ணுக்கு இரண்டாவதுதான். விரல் போன காலை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், சாயத்தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து வாங்கிவந்தேன். அவள் நூலை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாமா, இது போதும், என்றாள். அவளிடம் பாராட்டு என்றால் அவ்வளவுதான்.

தை மாதம் புடவை முடிந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம், புடவையை வாங்கிக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுப் பெண் தன் வாசலிலிருந்து கூப்பிட்டாள். என் வீட்டுக்காரி வழக்கம்போல் கை துடைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் வீடு மெழுகி, ஊதுவத்தி ஏற்றி, தலைகுளித்து நின்றிருக்கிறாள். மகள் புடவையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் வீட்டுக்காரி பிளேடுக்குக் கையை நீட்டியதும், நீ பாரு அக்கா, இது மட்டும் நான் பண்றேன், என்றாளாம். வேணாம்டி, நாளைக்கி வந்து கேட்டாங்கன்னா, என்று இவள் சொல்ல, கேட்டா சொல்றேன் என்றாளாம். மகள் தடுக்கவில்லை. பிடித்த முனையையும் விடவில்லை. ஒரே இழுப்பு. கோணல் இல்லாமல், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது என்றாள் என் வீட்டுக்காரி. சொல்லும்போது அவளுக்குப் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவும் அவள் தங்கையும் வந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அவளுடைய கொழுந்தன், மகள். வந்தவள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். தாம்பாளத்தில் இருந்த புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மருமகளைக் கூப்பிட்டு முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு பையிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியை எடுத்தாள். கூரைப்புடவையைத் தறியிலிருந்து இறக்கிய சுமங்கலிக்கு அதை வைத்துக் கொடுக்கிறது வழக்கம். அதற்காகத்தான் கேட்டாள். வேறு எதுவும் மனதில் இல்லை.

“யாரு சம்மந்தி இறக்குனது?”

என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“நான்தான். நான் நெய்ஞ்சேன், நானே கட் பண்ணேன்.”

ரவிக்கைத் துணியை நீட்டிய கை அப்படியே நின்றது. கொழுந்தன் சமாளித்தான். அண்ணி விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், எப்போதும் எதிர்வீட்டு அக்காதான் இறக்குவார்கள் என்று சிரித்தான். வந்தவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. அந்த அம்மாவே துணியை என் வீட்டுக்காரி பக்கம் திருப்பி, அப்படிங்களா, என்று கேட்டாள். நம்புவதற்குத் தயாராக இருந்தாள். நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரி தலையை ஆட்டினால் முடிந்துபோகும். அவள் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள்.

“அக்காவக் கேக்காதீங்க. அவங்களுக்குப் பொய் வராது” என்றாள் அவள்.

அப்போதுதான் மகள் பேசினாள். முந்தானை இன்னும் தோளில் கிடந்தது.

“பெரியம்மாதான் இறக்குனாங்கன்னு சொல்லும்மா. ஒரு வார்த்ததானே. சொல்லிடும்மா.”

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் முனையைப் பிடித்திருந்த மகள் கையைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அந்த நிமிஷம்வரை அந்தப் பெண் அம்மா பக்கம்தான் நிற்பாள் என்று நம்பியிருந்தவள். அதில்தான் அவள் தப்புக்கணக்குப் போட்டாள். பிளேடு பிடித்ததில் இல்லை.

“நான் பண்ணாதத நான் பண்ணேன்னு இத்தினி வருஷமா சொல்லிகினு கீறாங்க. இது ஒண்ணு நான் பண்ணது. இதையும் இல்லைங்கிறதா?”

மாப்பிள்ளையின் அம்மா ரவிக்கைத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். முந்தானையை மருமகள் தோளிலிருந்து எடுத்துத் தாம்பாளத்திலேயே போட்டாள். மெதுவாகத்தான் எடுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இருக்கிறது ஒரே பையன்” என்றாள்.

கல்யாணம் நிற்கவில்லை. கடையில் ஒரு புடவை எடுத்தார்கள். அதுவும் அரக்குதான், கருப்பு தூக்கலான அரக்கு. அதை யார் நெய்தது, யார் இறக்கியது என்று கடையில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். கொழுந்தனும் அவன் பெண்சாதியும் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். பெற்றவள் மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான்தான். மேளம் கொட்டியபோது அட்சதையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே இருந்தாள். அங்கிருந்து போட்டால் மேடைக்குப் போய்ச் சேராது.

மகள் புருஷனோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடிபோய்விட்டாள். எப்போதாவது போன் வரும். அப்புறம் அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. மாமியார் வாயிலிருந்து பழைய கதை வந்திருக்கிறது. கட்டாத புடவைக்குத்தான் அந்தப் பேச்சு. மகள் அம்மாவைக் கூப்பிட்டாள். அப்போது அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்காரிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அதனால் எல்லாம் காதில் விழுந்தது. நீ அன்னிக்கி ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா எங்க அத்த இப்ப இதப் பேசுவாங்களா, என்று அழுதாள் மகள். நீயும் முனையப் புடிச்சிகினுதானே இருந்த, என்றாள் அம்மா. அந்தப் பக்கம் போன் நின்றுபோனது.

வேறு நாளாக இருந்தால், கட் பண்ணிட்டா பாரு அக்கா, என்று சொல்லியிருப்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதிப் பூண்டையும் உரித்தாள்.

அதற்குப்பிறகு அவளுக்கு மகளிடமிருந்து போன் வரவில்லை. அவளும் பண்ணவில்லை. ஒருநாள் அந்தப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி கையில் கொடுத்தாள்.

“இது இங்க இருக்கட்டும் அக்கா. அவ கேட்டா குடு. கேக்கலன்னா குடுக்காத. நீயா எடுத்துக் கூப்டுக் குடுக்கறதும் வேணாம்.”

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரி கெஞ்சினாள். போகப் போகச் சரியாயிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாகவில்லை. மகள் வந்தாள், அழுதாள், காரியம் முடியும்வரை இருந்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். என் வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தாள். வரேன் பெரியம்மா, என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அப்படி ஒரு புடவை இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாததை எப்படிக் கேட்பாள்? அதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். வாக்கு வாக்குதானே என்றாள். மறுவருஷம் அவளும் போய்விட்டாள்.

இப்போது அந்தப் புடவை என்னிடம் இருக்கிறது. பட்டை ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிப்போடு விட்டுப்போகும், மாற்றி மாற்றி மடிக்கவேண்டும். என் கை நடுங்குகிறது, மடிப்பு நேராக வருவதில்லை. தரையில் பாயை விரித்து அதன்மேல் போட்டு மடிக்கிறேன். கரைப்பக்கம் ஒரு இடத்தில் மடிப்பு வெளுக்கத் தொடங்கிவிட்டது. சாயம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த சாயம், அது போகாது. நூல்தான் போகிறது.

நானாகக் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டேன். செத்துப்போனவர்கள் இரண்டு பேருக்கு வாக்கு. ஆனால் நீங்கள் அந்த வாக்கில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஆரணிக்காரப் பெண், அம்மா தறி நெய்தவள் என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு புடவை இருக்கிறது என்று அவள் காதில் போடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம். அதைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்றுகூட இல்லை. வந்து வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.